மைக்கை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்வது பற்றி முழுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் அழகு, எழுத்தும் நன்றாக இருந்தது. ஆனால் குரல் சன்னமாகப் பதிவாகிறது என்கிற, இந்த வேலையில் இறங்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் முதல் வாரமே முட்டிக்கொள்கிற இடத்துக்கு கட்டுரையாளர் சொன்ன மருந்து ஒரே வரிதான்: தரமான மைக்காக வாங்குங்கள். இதே மாதிரி யோசனையை முன்பு நம்பி ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் விட்டவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் வயர் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் கும்பகோணத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நான்கு வருடமாகப் பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களையும் போட்டித் தேர்வு கையேடுகளையும் வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். ஆரம்பத்தில் போனில்தான் பதிவு செய்தேன், குறையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தம்பி மகன்தான், பெரியப்பா இவ்வளவு வாசிக்கிறீங்க, ஒழுங்கா ஒரு மைக் வச்சு வாசிங்களேன் என்று ஆரம்பித்து வைத்தான். மேடையில் பிடித்துப் பேசுகிற வகையான ஒரு டைனமிக் மைக், மைக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற, இரண்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, பழைய லேப்டாப், அதில் காசு கொடுக்காமல் கிடைக்கிற ஆடாசிட்டி மென்பொருள். மேசையில் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தபோது வானொலி நிலையமே வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

பதிவு செய்து பார்த்தால் திரையில் குரல் அலை எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி ஒரு கோடு. பெட்டியில் ஒலியை ஏற்றுகிற கெயின் குமிழை வலது பக்கம் முழுக்கத் திருகியாயிற்று, அதற்கு மேல் திரும்ப இடமில்லை. சரி, பிறகு மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஏற்றினால் குரலோடு சேர்ந்து மின்விசிறியும் ஏறியது, அதற்கு அடியில் ஸ்ஸ் என்று அடுப்பில் பால் பொங்கப் போகிற மாதிரி ஒரு சத்தம். அப்படியே அனுப்பினேன். இரண்டாவது நாளே ஒரு மாணவி பேசினாள். "ஐயா, பஸ்ல போகும்போதுதான் கேட்பேன், வால்யூம் முழுசா வச்சாலும் நீங்க பக்கத்து ரூம்ல பேசுற மாதிரி இருக்கு. பழையபடி போன்லயே பேசிருங்களேன்." இவ்வளவு செலவு செய்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மைக் வாங்கிய கடைக்குப் போனேன். டைனமிக் மைக் அப்படித்தான் சார், கன்டென்சர் வாங்குங்க, ஊசி விழுந்தால்கூடக் கேட்கும் என்றார்கள். 6,500 ரூபாய். வீட்டில் வந்து மாட்டினால் ஊசி என்ன, உலக்கை விழுந்தாலும் கேட்கவில்லை, சுத்தமாகச் சத்தமே இல்லை. மறுபடி கடை. இன்டர்ஃபேஸ் வீக் சார், இதுக்கு முன்னால ஒரு ப்ரீஆம்ப் போடணும் என்றார்கள். மைக் ஒலியை முன்கூட்டியே பெருக்குகிற அந்தப் பெட்டி 2,800. மாட்டினேன். இரைச்சல் மட்டும் நன்றாகப் பெருகியது.

கடைசியில் என்னைக் கரை சேர்த்தவர் எங்கள் தெருக்கோடியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். கோயில் திருவிழா, காது குத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் போடுகிறவர், என்னிடம் எட்டாவது படித்தவர். வேறு விஷயமாக வீட்டுக்கு வந்தவர் மேசையைப் பார்த்தார், வயரைக் கையில் எடுத்தார், சிரித்துவிட்டார். "சார், கேனான்-பி38 வயரை ஏன் சார் இதுல போட்டீங்க? கேனான்-கேனான் போடணும் சார்." கடைக்கு ஆளனுப்பி ஒரு வயர் எடுத்து வரச் சொன்னார். 250 ரூபாய். பழைய மைக்கையே மாட்டி, ப்ரீஆம்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பேசுங்க சார் என்றார். நான் வாயைத் திறந்ததும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கெயினைப் பாதிக்குக் குறைக்க வேண்டியிருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேனான் என்று நம் ஊர் மைக் செட்காரர்கள் சொல்வது மூன்று ஊசி உள்ள வட்டமான முனையை, எக்ஸ்.எல்.ஆர் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். பி-38 என்பது கிடாரில் செருகுகிற, ஏறக்குறைய பென்சில் பருமனான 6.35 மில்லிமீட்டர் பின். கடையில் மைக் வாங்கினால் பெரும்பாலும் ஒரு பக்கம் கேனானும் மறு பக்கம் பி-38ம் உள்ள வயரைத்தான் கூடவே தருகிறார்கள். ஏனென்றால் நம் ஊரில் மைக் என்றால் அது மேடை ஆம்ப்ளிபயரில்தான் போய்ச் சேரும், அந்த ஆம்ப்ளிபயரில் பி-38 ஓட்டையே மைக்குக்கானதுதான். ஆக வயர் தப்பு இல்லை, போன இடம்தான் தப்பு. வீட்டு இன்டர்ஃபேஸில் முன்பக்கம் உள்ள ஓட்டையை உற்றுப் பாருங்கள், நடுவில் ஒரு பெரிய துளை, அதைச் சுற்றி மூன்று சிறு துளைகள். பார்க்க ஒரே ஓட்டைதான், உள்ளே இரண்டு வழி. மூன்று துளையில் கேனான் செருகினால் மைக்குக்கான பெருக்கி வழியாகப் போகும். நடுத் துளையில் பி-38 செருகினால் கிடார், கீபோர்டு வகைக்கான வழியில் போய்விடும். டைனமிக் மைக்கிலிருந்து வருவது ஒன்று, இரண்டு மில்லிவோல்ட். கச்சேரி மேடையெல்லாம் பார்க்கிற ஷூர் எஸ்.எம்.58 மைக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், ஓரளவு உரத்துப் பேசினால் 1.85 மில்லிவோல்ட்தான் தரும் என்று அந்தக் கம்பெனியே போட்டிருக்கிறது. கீபோர்டு, மிக்ஸர் மாதிரியான கருவிகளிலிருந்து வருவதோ கால் வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்டுக்கு மேல் வரை. நூறு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் வித்தியாசம். பெரியதை எதிர்பார்த்துத் திறந்து வைத்த வழியில் சின்னதை விட்டால் எறும்புத் தடம்தான் வரும்.

அந்தக் கன்டென்சர் ஏன் செத்துக் கிடந்தது என்பதற்கும் காரணம் அதே வயர். கன்டென்சர் மைக்குக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும், 48 வோல்ட், ஃபேன்டம் பவர் என்பார்கள். இன்டர்ஃபேஸில் 48V என்று ஒரு பொத்தான் இருக்கும். அது கேனான் ஊசிகள் வழியாக மட்டும்தான் மைக்குக்குப் போகும், பி-38 ஓட்டையில் வராது. நான் பொத்தானை அழுத்தி விளக்கெல்லாம் எரிய வைத்துவிட்டு, மின்சாரம் போகாத வழியில் மைக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். (இந்த 48 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1966-ல் ஜெர்மனியின் நாய்மன் கம்பெனி நார்வே வானொலிக்கு மைக் செய்து கொடுத்தபோது, அங்கே ஸ்டூடியோக்களில் அவசர விளக்குக்காக ஏற்கெனவே 48 வோல்ட் இணைப்பு இருந்ததாம், அதையே எடுத்துக்கொண்டார்கள். அவசர விளக்கு மின்சாரத்தில்தான் இன்றைக்கும் உலகம் பாடிக்கொண்டிருக்கிறது.)

சரியான வயர் போட்ட பிறகும் கன்டென்சரில் குரல் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. அதற்கும் நம்மவர் வந்தார், மைக்கைக் கொஞ்சம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். நான் மேடை மைக் பழக்கத்தில் அதன் உச்சந்தலையில் பேசிக்கொண்டிருந்தேன். பெரும்பாலான பெரிய கன்டென்சர் மைக்குகளுக்குக் காது பக்கவாட்டில்தான், கம்பெனி முத்திரை இருக்கிற பக்கம் வாயைப் பார்க்க வேண்டும். யூடியூபில் பலரும் வைத்திருக்கும் ப்ளூ யெட்டி யு.எஸ்.பி மைக்கும் இந்த ஜாதிதான். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, பெட்டிக்குள் ஒரு தாளில் பொடி எழுத்தில் இருக்கும், அதை யார் படிக்கிறோம்.

எங்கள் டெல்டாவில் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடைக்காரன் முதலில் மேட்டூரைத் திட்டத்தான் செய்வான், இருந்தாலும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடக்கவும் செய்வான். எந்த மடையில் அடைத்திருக்கிறது, எவன் வரப்பை வெட்டியிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டே போவான். குரலும் வாயிலிருந்து மைக், வயர், பெட்டி, கம்ப்யூட்டர், மென்பொருள், கடைசியில் கேட்கிறவர் காது என்று அப்படித்தான் மடை மடையாகப் போகிறது. உங்கள் கட்டுரையாளர் ஒரேயடியாக அணையை மாற்றச் சொல்லிவிட்டார்.

முதல் மடை வாய்க்கும் மைக்குக்கும் நடுவில். இதற்குக் காசே கிடையாது. தூரத்தைப் பாதியாக்கினால் ஒலி அளவு 6 டெசிபல் கூடும். இரண்டு சாண் தள்ளி வைத்துப் பேசுகிறவர் ஒரு சாணுக்கு வந்தால் மைக்கில் விழுகிற குரல் இரண்டு மடங்கு, ஆனால் மின்விசிறி இருந்த இடத்திலேயே இருப்பதால் அதன் சத்தம் கூடாது. கெயினைத் திருகினால் இரண்டும் சேர்ந்து ஏறும், கிட்டே போனால் குரல் மட்டும் ஏறும். இதைவிடப் பெரிய ரகசியம் இந்தத் தொழிலில் இல்லை என்று சவுண்ட் சர்வீஸ்காரர் சொல்கிறார். டைனமிக் மைக் என்றால் நாலு விரல் தூரம், கன்டென்சர் என்றால் ஒரு சாண். ப, ட வரும்போது காற்று மைக்கில் மோதாமல் இருக்க வாயை லேசாக ஒரு பக்கம் சாய்த்துக்கொள்ள வேண்டும். மின்விசிறியையே நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது. நான் சித்திரை வைகாசியில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து வாசிக்கிறேன், அதற்குப் பிறகு விசிறி இல்லாமல் உட்கார முடியாது, பால்காரரும் வந்துவிடுவார்.

கம்ப்யூட்டர் மடையில் நடக்கிற கூத்து தனி. எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை புது மைக்கை மாட்டி மூன்று வாரம் வாசித்திருக்கிறார், குரல் தூரமாக, கிணற்றிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்று வருத்தப்பட்டார். மைக்கின் வலையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள் டீச்சர் என்றேன், ஒரு சத்தமும் வரவில்லை. லேப்டாப் மூடி ஓரத்தைச் சுரண்டச் சொன்னேன், கரகரவென்று வந்தது. மூன்று வாரமாக லேப்டாப்பின் சொந்த மைக்கில்தான் பதிவாகியிருக்கிறது, புது மைக் மேசைக்கு அலங்காரம். ஆடாசிட்டியில் எந்த மைக் என்று தேர்ந்தெடுக்கிற இடம் இருக்கிறது, விண்டோஸின் ஒலி அமைப்பிலும் இருக்கிறது, இரண்டிலும் பார்க்க வேண்டும். விண்டோஸில் அந்த மைக்குக்கென்று ஒரு அளவுக் கோடும் உண்டு, அது 30-ல், 40-ல் கிடந்தால் நீங்கள் என்ன கத்தினாலும் அவ்வளவுதான். எனக்கு ஒருமுறை தானாகவே குறைந்து கிடந்தது, முந்தின நாள் இரவு பேத்தியோடு வீடியோ அழைப்பில் பேசியிருந்தேன். அந்த மாதிரிச் செயலிகளில் மைக் அளவைத் தானே சரிசெய்வது என்று ஒரு டிக் இருக்கும், அது பேச்சு முடிந்தாலும் தான் இறக்கியதை ஏற்றி வைக்காமல் போய்விடுகிறது. அந்த டிக்கை எடுத்துவிட்டேன். அப்புறம், யு.எஸ்.பி வயர் இன்டர்ஃபேஸிலிருந்து நேராக லேப்டாப்புக்குப் போகட்டும். நாலு பேர் பிடுங்கித் தின்கிற ஹப்பில் செருகினால், கொஞ்சமாக வருகிற மின்சாரத்தில் 48 வோல்ட்டை எங்கிருந்து கொண்டுவரும்.

சட்டையில் மாட்டுகிற காலர் மைக்குகளில் இன்னொரு வம்பு. அதன் முனையில் உள்ள, ஹெட்போனில் இருக்கிற மாதிரியான சின்னப் பின்னை (இ.பி. என்பார்கள்) பாருங்கள், அதில் கறுப்பு வளையம் மூன்று இருந்தால் போனுக்கானது, இரண்டு இருந்தால் கேமராவுக்கானது. இரண்டு வளையம் உள்ளதைப் போனில் செருகினால் போன் அதைக் கண்டுகொள்ளாமல் தன் மைக்கிலேயே பதிவு செய்துகொள்ளும். சிலவற்றில் பொத்தான் பேட்டரியும் போன், கேமரா என்று மாற்றுகிற சுவிட்சும் இருக்கும், அந்த பேட்டரி இறங்கினாலும் குரல் இறங்கும்.

எல்லாவற்றையும்விட விசித்திரமான கோளாறு மயிலாடுதுறையில் ஒரு நண்பருக்கு வந்தது. அவர் கேனானிலிருந்து இ.பி. ஸ்டீரியோ பின்னுக்கு மாற்றுகிற வயரைப் போட்டு, கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்தார். ஹெட்போனில் கேட்டால் கணீரென்று இருக்கிறது. அதையே போன் ஸ்பீக்கரில் போட்டால் குரல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. மாணவர்கள் கேட்கவில்லை என்கிறார்கள், இவர் கேட்கிறதே என்கிறார், பெரிய மனஸ்தாபம். என்னவென்றால், கேனான் வயரில் ஒரே குரல் இரண்டு கம்பியில் ஒன்றுக்கொன்று நேர்மாறாக வருகிறது, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். வழியில் சேர்கிற இரைச்சலைக் கழிப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டையும் ஸ்டீரியோ பின் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டது. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் சேரும்போது ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு ஒன்றுமில்லாமல் போகிறது. பதிவு செய்ததைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, இடது பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வலதை அழித்துவிட்டு மோனோவாகச் சேமித்தால் போதும். அப்படித்தான் செய்து கொடுத்தோம்.

கட்டுரையில் எனக்கு உறுத்தின இன்னும் இரண்டு. முதலாவது, வாங்க வேண்டிய மைக்குகளில் முதலிடத்தில் ஷூர் எஸ்.எம்.7பியைப் போட்டிருக்கிறீர்கள். நல்ல மைக், யூடியூபில் பேட்டி எடுக்கிறவர்களில் பலர் முன்னால் அதுதான் நிற்கிறது. ஆனால் அது எஸ்.எம்.58-ஐவிடச் சன்னமாகப் பேசும், 1.12 மில்லிவோல்ட்தான். குறைந்தது 60 டெசிபல் பெருக்க வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது, மலிவான இன்டர்ஃபேஸ் பலவற்றில் அவ்வளவு கிடையாது. அதனால்தான் க்ளவுட்லிஃப்டர் என்று 48 வோல்ட்டை வாங்கிக்கொண்டு 25 டெசிபல் ஏற்றித் தருகிற தனிப் பெட்டியெல்லாம் விற்கிறது. குரல் சன்னமாக வருகிறதே என்று கேட்கிறவரிடம், மைக்குகளில் சன்னமான ஒன்றை வாங்கச் சொன்னால் எப்படி?

இரண்டாவது, அலை திரையை நிறைக்க வேண்டும் என்கிற யோசனை. நிறைத்தால் உணர்ச்சியாக ஒரு வரி வாசிக்கும்போது உச்சி மழுங்கிவிடும், மழுங்கினதை முழுதாக மீட்க வழியில்லை. மேல் விளிம்பு 0 டெசிபல் என்றால், குரலின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் வந்தால் தாராளம். இன்டர்ஃபேஸில் 24 பிட் என்கிற நுணுக்கமான தரத்தில் பதிவு செய்தால் இன்னும் கொஞ்சம் கீழே இருந்தாலும் மோசமில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். நான் ஏற்றும்போது இரைச்சல் பொங்கியதற்குக் காரணம் அளவு குறைவாக இருந்தது அல்ல, குரலுக்கும் இரைச்சலுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் போனது. ஒலிப்புத்தகம் வாசிப்பவர்களுக்கு ஏசிஎக்ஸ் தளம் வைத்திருக்கிற அளவுகோலை நான் பின்பற்றுகிறேன்: சராசரி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் நடுவில், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக்கூடாது, பேசாமல் இருக்கும்போது அறையின் சத்தம் மைனஸ் 60-க்குக் கீழே. கடைசியில் உள்ளதுதான் கஷ்டம். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜை நிறுத்தினால்தான் அது வருகிறது, நிறுத்திவிட்டுத் திரும்பப் போட மறந்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைத் தனியாக எழுதலாம்.

அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போட்டால், பொருள் பட்டியல் கொடுப்பவரோடு ஒரு மைக் செட்காரரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். திருவிழாவில் நாதஸ்வரம் பக்கத்தில் வெடி வெடிக்கும்போதும் எந்த வயரில் கோளாறு என்று இருட்டில் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

அந்த 2,800 ரூபாய் ப்ரீஆம்பைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், வயர் தப்பு என்று நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு நீங்க கேட்கலையே சார் என்றார்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் வாங்கிக்கொண்டார், ஐப்பசியில் கல்யாண ஆர்டர் நிறைய இருக்கிறதாம். கன்டென்சரில்தான் இப்போது வாசிக்கிறேன். புது வயரில் பதிவு செய்த முதல் பாடத்தை அனுப்பினேன், அதே மாணவி அன்று சாயங்காலமே அழைத்தாள். "ஐயா, பஸ்ல ஹெட்செட் போட்டுக்கிட்டுத் தூங்கிட்டேன், திடீர்னு நீங்க 'ஆகவே'ன்னு சொன்னதுல தூக்கிவாரிப் போட்டுருச்சு. கொஞ்சம் குறைச்சுக்கோங்க ஐயா."

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.